ஊதாத் துணி போட்ட தொலைக்காட்சி

ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் ஒரு கார்ட்டூன் படத்தின் முன்னோட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன் என்று வேலையிடத்தில் சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். பலெர்மோவின் சீசாவிலும் கபோவிலும் என்னோடு வளர்ந்த உங்களுக்கு அந்தக் கப்பலைத் தெரியும். பின்னேரம் ஐந்து மணிக்கு, தளபாடக் கடை விளம்பரம் முடிந்த கையோடு, பலெர்மோவின் உள்ளூர் அலைவரிசை ஒன்றில் வந்த ஜப்பான் தொடர் அது. இத்தாலியில் அதற்கு வைத்த பெயர் முழ நீளம். நாங்கள் 'கப்பல்' என்றே சொல்வோம். 'கப்பல் துவங்கப் போகுது' என்று ஒரு பிள்ளை கத்தினால் போதும், முற்றத்தில் பந்து தனியே கிடக்கும்.

மறந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வானத்தில் அலைகிற ஒரு பழைய கப்பல், அதில் ஆறு பிள்ளைகள். அவர்களுடைய ஊர் உடைந்துபோனது. எந்தத் துறைமுகமும் அவர்களை உள்ளே விடாது. தலைமயிரால் ஒரு கண்ணை மூடிய பொடியன் சுக்கான் பிடிப்பான். சமையலுக்கு ஒரு தகர மனிதன், அவனுக்கு வைக்கத் தெரிந்தது ஒரே ஒரு சூப். இவ்வளவு துக்கமான கதைக்கு இத்தாலிக்காரர்கள் பிறந்தநாள் விழாவில் போடுகிற மாதிரி ஒரு துள்ளல் பாட்டைப் போட்டிருந்தார்கள். ஒரு பெண் பாட, பின்னால் பிள்ளைகள் கூட்டமாகக் கத்துவார்கள். விசுவாசப் பிரமாணத்தை இத்தாலிய மொழியில் சொல்லச் சொன்னால் நான் நடுவில் தடுமாறுவேன். அந்தப் பாட்டில் இன்றைக்கும் தடுமாற மாட்டேன்.

கப்பல் ஓடிய அந்த வருடம் நாங்கள் இரண்டு வீடுகளில் இருந்தோம். அம்மா பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாத் தெருவில், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு எசமானியின் வீட்டில் 'ஃபிஸ்ஸோ' வேலை செய்தார். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, காலை முதல் இரவு வரை அந்த வீட்டுக்கு உழைக்கிற வேலை. சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் நானும் அம்மாவும் ஒரே கட்டிலில் படுப்போம். ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள சிஞ்ஞோரா சம்மதித்திருந்தார், அதுவும் சத்தம் போடாத பெண்பிள்ளை என்பதால். அப்பா சீசாவில், நம்முடைய ஆட்கள் சிலர் சேர்ந்து எடுத்த வீட்டில் இருந்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் அம்மாவுக்கு லீவு. உங்கள் அம்மாமாருக்கும் அதே வியாழன், அதே ஞாயிறுதானே. மற்ற நாட்களில் குடும்பம் என்று ஒன்று எங்களுக்கு இல்லை.

சிஞ்ஞோரா கெட்ட மனுஷி இல்லை. என்னுடைய முதல் குளிர்ச்சட்டை அவர் வாங்கித் தந்தது. ஆனால் முதல் நாளே ஒரு சட்டம் போட்டுவிட்டார். புருஷன், மகன், சொந்தக்காரர் என்று வாசலில் ஆட்கள் வந்து நிற்பது அந்தக் கட்டடத்துக்குச் சரிவராது, அப்படி நடந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்றார். அம்மாவின் பெர்மேசோ, அதுதான் எங்கள் எல்லோருடைய வதிவிட அனுமதியும், அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறு மாலைகளில் அப்பா எங்களைத் தெருமுனை வரை கொண்டுவந்து விடுவார். முனையைத் தாண்ட மாட்டார்.

இனி அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் என்னைவிட நாலு வயது மூத்தவன். மன்னாரிலிருந்து நாங்கள் புறப்பட்டபோது எனக்கு மூன்று வயது, அவனுக்கு ஏழு. அப்பா முன்னமே வந்துவிட்டார். ஒரு பெரிய ஆளுக்கும் மடியில் இருக்கக்கூடிய ஒரு பிள்ளைக்கும் மட்டும்தான் அப்போது வழி கிடைத்தது. அம்மா அண்ணாவைப் பெரியம்மா வீட்டில் விட்டு, "மடுக் கோயிலுக்குப் போறன், நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார். உண்மையைச் சொன்னால் காலைக் கட்டிக்கொண்டு அழுவான் என்று பயம். அப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தார்கள். உங்களில் சிலருக்கும் அப்படி ஒரு 'நாளைக்கு' கிடைத்திருக்கும். அண்ணாவின் 'நாளைக்கு' நாலு வருடம் நீண்டது.

நத்தார்ப் பண்டிகை முடிந்த குளிரில் அவன் வந்து சேர்ந்தான். கூட்டிவந்த ஆள் சீசா வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார். அம்மா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். அவனுடைய கைகள் இரண்டும் காற்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தன. அப்பா கேட்டதற்கு 'ஓம்', 'இல்லை' என்றான். அம்மா கேட்டதற்கு அதுவும் இல்லை, சுவரைப் பார்த்தான். பள்ளிக்கூடத்திலும் வாய் திறக்கவில்லை என்று டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். சிஞ்ஞோரா வீட்டு மேசைவிரிப்புகளை இஸ்திரி போடும்போது அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்: "என்னை அம்மா எண்டு ஒருக்காக் கூப்பிட்டால் காணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

என்னோடும் அவன் முதலில் கதைக்கவில்லை. என்னுடைய தமிழ் அவனுக்கு விளங்கவில்லையோ, என்னைப் பிடிக்கவில்லையோ தெரியாது. அம்மா தூக்கிக்கொண்டு போன பிள்ளை நான்தானே.

சீசா வீட்டில் யாரோ வேண்டாமென்று தெருவில் வைத்துவிட்டுப் போன ஒரு தொலைக்காட்சி இருந்தது. ஏரியலுக்குப் பதிலாக உடுப்பு மாட்டும் கம்பி. ஒரு வியாழன் பின்னேரம் நான் அதைத் தட்டித் தட்டிக் கப்பலைக் கொண்டுவந்தேன். அண்ணா தூரத்தில், கதவடியில் இருந்தான். அடுத்த வியாழன் கொஞ்சம் கிட்ட வந்தான். அதற்கடுத்த வியாழன் திடீரென்று சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உந்தக் கதவு திறக்கிற படம் போன கிழமையும் வந்தது. ஒருக்காத்தான் கீறி வச்சிருக்கிறாங்கள். கள்ளர், அதையே திருப்பித் திருப்பிப் போடுறாங்கள்."

நான் அதைக் கவனித்ததே இல்லை. இத்தாலிய மொழி தெரிந்த எனக்குக் காது மட்டும்தான் வேலை செய்தது. மொழி தெரியாத அவன் கண்ணால் எல்லாவற்றையும் பிடித்துவிட்டான். தகர மனிதன் ஒரு தடவை வலது கையால் அகப்பையைப் பிடிப்பான், மறு தடவை இடது கையால். கப்பல் இடிபடுகிற அதே காட்சியைத் திருப்பிப் பிடித்து வேறு கப்பல் என்று காட்டுவார்கள். ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பிறகு கதையையும் கேட்கத் தொடங்கினான்.

"இவன் ஏன் ஓடுறான்? கெட்டவனோ?"

"இல்லை அண்ணா, அவன் அமிக்கோ. காப்பித்தானோவுக்குப் பொய் சொல்லிப்போட்டான், அதுதான்."

"தமிழிலை சொல்லடி."

மற்ற நாட்களில் அவன் சீசாவில் தனியாகப் பார்த்தான். நான் லிபெர்த்தாவில், சிஞ்ஞோராவின் சமையலறையில் இருந்த சின்னப் பெட்டியில், சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன். ஐந்து மணி ஆனதும் எனக்குள் ஒரு சந்தோசம் வரும். இந்த நேரம் அண்ணாவும் இதைத்தான் பார்க்கிறான், இந்த நேரம் நாங்கள் ஒரே இடத்தில் இருக்கிறோம் என்று நினைப்பேன். வியாழன் வந்ததும் அவன் தான் பார்த்ததை எனக்குச் சொல்வான். அவன் சொன்ன கதை தொலைக்காட்சிக் கதையைவிட நன்றாக இருந்தது. அதில் தகர மனிதன் மன்னார்க் கடற்கரையில் வலை இழுக்கிறவர்களைப் போலக் கதைப்பான், ஏசுவான். வீட்டில் இருந்த ஆட்களில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "உவன் கதைப்பானோ?" என்று வாயைப் பிளந்தார். அண்ணா உடனே நிறுத்திவிட்டான்.

அம்மா பக்கத்து அறையில் இருந்து அந்தக் குரலைக் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டும் அவருக்கு அது போதவில்லை. தன்னோடு கதைக்காத பிள்ளை ஒரு பெட்டிக்கு முன்னால் சிரிக்கிறான் என்பது அவருக்கு வலித்திருக்கும்.

தவக்காலம் தொடங்க முந்தின ஞாயிறு அம்மா மலையேறி, ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலில் ஒரு நேர்த்தி வைத்தார். மகன் தன்னை அம்மா என்று கூப்பிட வேண்டும், அதற்காகத் தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் தொலைக்காட்சி போடுவதில்லை. மற்றவர்கள் இறைச்சியை விடுவார்கள், பியரை விடுவார்கள். நேர்த்தி என்றால் அருமையான ஒன்றைக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அருமையானது என்று வேறு என்ன இருந்தது? கோயிலில் தமிழ்ப் பூசை வைக்க வருகிற சுவாமியாரிடம் சொன்னபோது, "நல்ல காரியம், பிள்ளையளுக்கும் நல்லது" என்று அவரும் தலையாட்டினார்.

கடைசிக் கிழமைகளில் கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்களே, அதேபோல அம்மா தன்னுடைய ஊதாச் சேலை ஒன்றை வெட்டித் தொலைக்காட்சியை மூடினார். நாலு மூலையும் தொங்காமல் ஊசி குத்தி இழுத்துக் கட்டினார். அண்ணா பார்த்துக்கொண்டு நின்றான். பல்கனிக்குப் போய்க் கீழே தெருவைப் பார்த்தான்.

இதில் ஒரு விசயம் உண்டு. நான் சிஞ்ஞோரா வீட்டில் பார்க்கலாமா என்று பயந்து பயந்து கேட்டேன். அம்மா யோசித்துவிட்டு, "அது அவையின்ரை ரீவி. எங்கட நேர்த்திக்குள்ளை வராது" என்றார். ஆகவே நான் மட்டும் பார்த்தேன். வியாழனில் அவனுக்குச் சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளையின் கதை எப்படி இருக்கும்? பாதியை மறந்துவிடுவேன்.

"பிறகு?"

"பிறகு கதவு திறந்தது."

"கதவுக்கு அங்காலை என்ன நிறம்?"

"தெரியாது."

"பாத்தனிதானே! கண்ணை வச்சுப் பாக்கிறேல்லையோ?"

கோபத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிடும். மெல்ல மெல்ல என்னிடமும் கேட்பதை விட்டான். அப்பாவுக்குச் சொன்ன 'ஓம்', 'இல்லை'யும் நின்றுபோனது. ஐந்து மணிக்கு அந்த ஊதாத் துணிக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு இருப்பானாம், அரை மணி நேரம், ஆடாமல் அசையாமல். வீட்டில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்கள்: "அண்ணை, பெடியனுக்குப் படப் பைத்தியம் முத்திப்போச்சு. துணியைப் பாத்துக்கொண்டு இருக்கிறான்." அவன் எதற்காக அங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் நான் எங்கே, என்ன செய்துகொண்டிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். யாரும் என்னிடம் கேட்கவில்லை. பிள்ளை கதைக்க வேண்டும் என்று நேர்த்தி வைத்து, அவனைக் கதைக்க வைத்த ஒன்றையே பறித்தார்கள் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு அந்தப் பெரியவர்கள் மேல் கோபம் வருகிறது.

பெரிய வாரம் வந்தது. சிஞ்ஞோரா தன் அலுமாரிக்குள், வெளிச்சம் படாமல், தட்டில் கோதுமை முளைக்கவைத்திருந்தார். பெரிய வியாழனுக்குக் கோயில் பீடத்தில் வைப்பதற்கு இங்கே எல்லோரும் வளர்க்கிறதுதான். கதவைத் திறந்தால் ஈரப் பஞ்சு மணக்கும், வெளிறிய மஞ்சள் நாற்றுகள் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். கப்பல் தொடரின் கடைசிப் பகுதி அந்தப் புதன்கிழமை என்று அறிவித்துவிட்டார்கள். குருத்தோலை ஞாயிறு மாலை தெருமுனையில் பிரியும்போது அண்ணாவிடம் சொன்னேன்.

"புதனோடை முடியுது. வியாழன் வந்து சொல்லுறன்."

"அஞ்சுக்குத்தானே?"

"ஓம், அஞ்சுக்கு."

அவன் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான். வாசலில் சிஞ்ஞோரா வீட்டு மணிப் பொத்தான் எது என்று கேட்டான். மேலிருந்து இரண்டாவது, பித்தளைத் தகடு போட்டது என்று சொன்னேன்.

புதன்கிழமை சிஞ்ஞோராவுக்குச் சீட்டாட விருந்தாளிகள். அம்மா கோப்பித் தட்டோடு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தார். நான் பெட்டிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு இருந்தேன். முதல் பாட்டுப் போய்க்கொண்டிருந்தபோது நடையில் சித்தோபோனோ அடித்தது. வாசலில் நிற்கிறவர்களோடு மேலே இருந்து கதைக்கிற அந்தப் பெட்டியை அம்மா எடுத்தார். இன்னொரு விருந்தாளி என்று நினைத்தேன். அம்மா திரும்பி வந்து, "சத்தத்தைக் குறை" என்றார். குறைத்தேன்.

கடைசியில் ஒரு துறைமுகம் கிடைத்தது. ஆனால் அதன் கதவை உள்ளே இருந்துதான் திறக்க முடியும். சுக்கான் பிடிக்கிற பொடியன் சுவரேறி இறங்கிப் போய்க் கதவைத் திறக்கிறான். கப்பல் உள்ளே போவதற்குள் கதவு திரும்ப மூடிக்கொள்கிறது. அவன் உள்ளே, கப்பல் வெளியே. எரிபொருள் முடியப் போகிறது என்று கப்பல் திரும்பிப் போய்விடுகிறது. அதோடு துள்ளல் பாட்டு. நான் மேசைக்கடியில் போய் இருந்து அழுதேன். அண்ணாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குக் கவலை.

சொல்ல வேண்டி வரவில்லை. அன்று பின்னேரம் வீட்டை விட்டுப் போன அண்ணா இரவு திரும்பவில்லை. மறுநாள் காலை கபோ சந்தையில் ஒலிவ்காய் விற்கிற மனுஷிதான் அவனைக் கண்டார். கூனைப்பூக் கூடைகளுக்குப் பின்னால் சுருண்டு கிடந்திருக்கிறான். சுடச் சுடக் கடலைமா வடை வைத்த பாண் கொடுத்து, ஆட்களை விசாரித்து அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். வியாழன் பின்னேரம் நானும் அம்மாவும் சீசாவுக்குப் போனபோது வீடு நிறைய ஆட்கள். சுவாமியாரும் வந்திருந்தார். அண்ணா நடுவில் நின்றான்.

"படம் பாக்கவோ போனனி? எங்கை ரீவி கிடக்குதெண்டு தெருத்தெருவா அலைஞ்சனியோ?" என்று அப்பா கை ஓங்கினார். அடிக்கவில்லை. "குவெஸ்தூராப் பொலிஸ்காரன் பிடிச்சிருந்தால் எல்லாரையும் ஏத்தி அனுப்பியிருப்பான். சொல்லு, படம் பாக்கவோ போனனி?"

அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். சேலைத் தலைப்பு வாய்க்குள் இருந்தது. அண்ணா தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தான். கனநேரம் பார்த்தான். பிறகு அப்பாவிடம், "ஓம்" என்றான்.

அந்த ஒரு 'ஓம்' எல்லாவற்றையும் முடித்துவைத்தது. பிள்ளை கெட்டுப்போய்விட்டான், தாய் பக்கத்தில் இல்லாமல் இனி வைத்திருக்க முடியாது என்று சுவாமியாரும் அப்பாவும் முடிவு கட்டினார்கள். சிஞ்ஞோராவுக்கு மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் துறவிகள் நடத்துகிற கொலேஜியோவைத் தெரியும். சாப்பாடு, படிப்பு, படுக்கை, ஒழுங்கு எல்லாம் அங்கே உண்டு. நல்ல மனதோடுதான் கதைத்து இடம் எடுத்துத் தந்தார். உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை அப்பா அவனை பஸ்ஸில் கொண்டுபோய் விட்டார்.

அந்தப் பெரிய வியாழன் மாலை வழமைபோலக் கோயில் கோயிலாகப் போனோம். பீடங்களில் வெளிறிய கோதுமை நாற்றுகள். அம்மா ஒவ்வொரு கோயிலிலும் எழும்பவே மாட்டேன் என்பதுபோல முழங்காலில் நின்றார். பிள்ளை உயிரோடு கிடைத்ததற்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன். உயிர்ப்பு வந்ததும் கோயிலில் துணிகளை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அப்பா தொலைக்காட்சியைத் துணியோடு யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். வளர்ந்த பிறகு அந்தத் துணி எங்கே என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியாது.

அண்ணா கொலேஜியோவிலேயே வளர்ந்தான். கோடை விடுமுறைக்கு வருவான். இத்தாலிய மொழி பேசுவான், என்னைவிட நன்றாக. ஒரு விடுமுறையில் கோயில் மண்டபத்தில் கப்பலின் முதல் படத்தைப் போட்டார்கள். படம் என்று பெயர், தொடரின் மூன்று பகுதிகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள், முடிவே இல்லை. அவனைக் கூப்பிட்டேன், வரவில்லை. அம்மாவிடமும் அவன் கதைக்கத்தான் செய்தான். 'அம்மா' வர வேண்டிய இடத்தில் ஒன்றையும் வைக்காமல் வசனத்தைத் தொடங்கப் பழகியிருந்தான். அம்மா அதைப் பற்றிப் பிறகு ஒருநாளும் முறையிடவில்லை. எனக்கு அது அப்போது வியப்பாக இருந்தது.

படித்து முடித்ததும் வடக்கே ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். கப்பலின் இரண்டாவது படம் பத்திரிகைக் கடையில் வீடியோக் கசற்றாக வந்தது. அதில் சுக்கான் பொடியன் உயிரோடு இருக்கிறான், ஆனால் அது கனவோ என்று சந்தேகப்படுகிற மாதிரி முடித்திருந்தார்கள். வாங்கி அவனுக்குத் தபாலில் அனுப்பினேன். பிளாஸ்டிக் உறை உரிக்காமல் திரும்பி வந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, அப்படி ஒரு தொடர் தனக்கு ஞாபகமில்லை என்று இத்தாலிய மொழியில் சொன்னான். அந்தக் கசற் இன்னும் என் அலுமாரியில் உறையோடு இருக்கிறது, போட்டுப் பார்க்கத்தான் பெட்டி இல்லை. அப்பாவின் அடக்கத்துக்கு வந்தான். மறுநாள் காலை விமானத்தில் போய்விட்டான்.

இத்தனை வருடம் கழித்து இப்போது மூன்றாவது படம் வந்திருக்கிறது. உங்களுக்கும் முன்னோட்டம் வந்திருக்கும். இந்த மாதிரிப் படங்களைத் திங்கள் முதல் புதன் வரை மட்டும்தானே இங்கே தியேட்டரில் போடுவார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, சீசாவில் என் வீட்டுச் சமையலறையில் இருந்து அதைப் போட்டேன். அதே துறைமுகம், அதே கதவு. நம்முடைய வயதுக்காரரை இழுக்க வேண்டும் என்று அந்தப் பழைய துள்ளல் பாட்டையே போட்டிருக்கிறார்கள். அம்மா எனக்கு எதிரில் இருந்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். முழங்கால் தேய்ந்து, வேலையெல்லாம் விட்டு, இப்போது என்னோடுதான் இருக்கிறார். பாட்டுத் தொடங்கியதும் கை நின்றது.

"உதை நிப்பாட்டு பிள்ளை."

"ஏன் அம்மா?"

"அண்டைக்கு அவன் வந்தவன்."

"ஆர்?"

"தம்பி. கொண்ணன்தான். துலைஞ்சுபோன அண்டைக்கு. சிஞ்ஞோரா வீட்டு வாசலுக்கு வந்தவன். நான்தான் சித்தோபோனோவை எடுத்தனான். உள்ளை நீ உந்தப் பாட்டுப் போட்டிருந்தனி. அது அவனுக்கும் கேட்டிருக்கு." அம்மா உரித்த கொட்டைகளைப் பார்த்தபடி சொன்னார். "அம்மா, துவங்கீட்டுதோ, நான் மேலை வரட்டோ எண்டு கேட்டான்."

நான் பாட்டை நிறுத்தினேன்.

"அம்மா எண்டோ கூப்பிட்டவன்?"

"ஓம். அம்மா எண்டுதான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஆக்கள் இருக்கினம், இஞ்சை வரக்கூடாது, வீட்டை போ எண்டன்." அடுத்த காயைக் கையில் எடுத்தார். "நாளைக்கு வாறன் எண்டன்."

நான் எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டேன். எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்தான். மலையேறிப் போய்க் கேட்டது வாசலுக்கே வந்து நின்று அம்மா என்று கூப்பிட்டிருக்கிறது. அவன் எங்கேயோ ஒரு தொலைக்காட்சியைத் தேடிப் போகவில்லை, எங்களைத் தேடி வந்தான். அதை மறைத்து, அவனைப் படப் பைத்தியம் என்று ஊரே சொல்ல விட்டு, மலைக்கு அனுப்பவும் விட்டுவிட்டு, இவ்வளவு காலம் எப்படிச் சோறு இறங்கியது என்று கேட்க வேண்டும்போல இருந்தது. திரும்பி உள்ளே வந்தபோது அம்மா கோதைக் கிண்ணத்திலும் கொட்டையைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தார். கேட்க மனம் வரவில்லை.

அவரே சொன்னார். "கொப்பருக்குச் சொல்லப் பயந்துபோனன். வேலை போனால் பெர்மேசோவும் போயிடும் எண்டு பயம். அவன் என்னைக் காட்டிக்குடுக்கேல்லை. எனக்காக ஓம் எண்டவன்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்கு ஒருக்கா ரெலிபோன் அடி பிள்ளை" என்றார்.

அடித்தேன். எடுக்கவில்லை. குரல் செய்தி அனுப்பலாம், கதையுங்கோ என்று கைத்தொலைபேசியை வாயடியில் பிடித்தேன். அம்மா குனிந்து, வாசல் பெட்டிக்குள் கதைக்கிற மாதிரி உரத்துச் சொன்னார்:

"தம்பி, அம்மா கதைக்கிறன். துவங்கீட்டுது. மேலை வா ராசா."

அவன் கேட்டதற்கான நீல அடையாளம் அன்று மாலையே விழுந்தது. பதில் மறுநாள் காலையில் வந்தது, குரலில்தான். அவனுடைய தமிழைக் கேட்டு எத்தனையோ வருடம். மன்னாரிலிருந்து வந்த பொடியனின் அதே இழுவை அப்படியே இருந்தது. "நாளைக்கு வாறன்" என்றான். அவ்வளவுதான். அதில் கோபம் இருக்கிறதா, பழிக்குப் பழி சொல்கிறானா, இல்லை உண்மையாகத்தான் சொல்கிறானா என்று நான் போட்டுப் போட்டுக் கேட்டேன். எனக்குப் பிடிபடவில்லை. அம்மா ஒரே ஒரு தடவை கேட்டார். "சரி" என்றார். நடையில், சித்தோபோனோவுக்குக் கீழே ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் போடச் சொன்னார்.

படம் அதற்கடுத்த புதனோடு தியேட்டரை விட்டுப் போய்விட்டது. நான் போகவில்லை. கதவு திறந்ததா, அந்தப் பொடியன் வெளியே வந்தானா என்று பார்த்தவர்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். கதிரை இன்னும் நடையில்தான் இருக்கிறது. துவைத்த உடுப்புக் கூடையோடு நான் பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டியிருக்கிறது. மணி அடித்தால் எனக்கு முன் அம்மா எடுத்துவிடுகிறார். தபால்காரனாக இருக்கும், தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிறவனாக இருக்கும், பொத்தான் மாறி அடித்த ஆளாக இருக்கும். அம்மா யார் என்று கேட்பதில்லை. "மேலை வா" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிடுகிறார்.